பின்பக்கம் நீளமான ஒரு கார்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? உன் முழங்கை வலி தேவலையா? வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பானரோடு மல்லுக்கட்டுவதைக் குறைத்துக்கொள் என்றால் கேட்கவா போகிறாய்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வலது பக்கம் அசைவில்லை. பேச்சும் ஓரிரு சொல்லோடு நின்றுவிடுகிறது. என் வீட்டுக்காரர் மருந்து கம்பெனி வேலையாக எப்போதும்போல் வெளியூர் போய் வந்துகொண்டிருக்கிறார். புதுக் கார் வாங்கியிருக்கிறார். நன்றாக ஓடுகிறதாம்.

ஒரு விஷயம். தெரிந்தவர் ஒருவருக்குக் கார் வேண்டும். அண்ணன் பழைய கார் விற்கிற இடத்தில் மெக்கானிக் என்று சொன்னதும் விசாரிக்கச் சொன்னார். கூரை கடைசிவரை ஒரே மட்டமாகப் போய், பின்பக்கம் நீளமாக இருக்குமே, எஸ்டேட் கார் என்பாயே, அந்த மாதிரி. பழையது போதும், ஆனால் வேகமாகப் போக வேண்டும். நடுவழியில் நிற்கக் கூடாது. கையில் அதிகம் இல்லை.

பதிலை வீட்டுக்கு எழுதாதே, இங்கே தபால் ஒழுங்காக வருவதில்லை. தெருமுனை மருந்துக்கடை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். கடைக்கார அக்கா எனக்குப் பழக்கம். போனும் வேண்டாம்.

உன் தங்கை


ஜனவரி 21

அன்புள்ள பட்டாசுக்கு,

இருவரும் நலம். முழங்கை அப்படியேதான் இருக்கிறது. அதுவும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டோம்.

வேகம், இடம், குறைந்த விலை. இதில் ஏதாவது இரண்டைக் கேள், நாளைக்கே சாவி தருகிறேன். மூன்றும் வேண்டுமென்றால் அந்த வண்டியை நான்தான் பத்து மாதம் சுமந்து பெற வேண்டும். எஸ்டேட் கார் தேடி வருகிறவர்கள் நாய், மடக்கு நாற்காலி, மூன்று பிள்ளைகளோடு மெதுவாகப் போகிற ஆட்கள். வேகம் கேட்கிறவர்கள் பின்பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. உன் தெரிந்தவர் என்ன, கேக் கடைக்காரரா, கொள்ளைக்காரரா?

இப்போதைக்கு வெள்ளை நிறத்தில் நீளமான வண்டி ஒன்று நிற்கிறது. இடம் தாராளம், ஆனால் இன்ஜின் தூங்குமூஞ்சி. மேட்டில் ஏறுவதற்குள் நாம் இறங்கி நடந்துவிடலாம். இன்னொன்று சிவப்பில் சின்னக் கார். குட்டிதான், காற்றாய்ப் பறக்கும். விலையும் கைக்கு அடக்கம். அது போதுமா என்று கேட்டுச் சொல்.

போனும் வேண்டாம் என்கிறாய். போனை எடுத்தால் படபடவென்று வெடித்துவிட்டு, எதிராளி வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுகிற ஆளாயிற்றே நீ. மாப்பிள்ளையையும் உன் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. மருந்து வாங்கப் போனால்தான் தபால் பெட்டிப் பக்கம் போக முடிகிறது.

சின்னக் கார் சரிப்படாது. பின் சீட்டை மடக்கினால் தரை சமமாக வேண்டும். என்னைவிட ஒரு சாண் உயரமான ஆள் காலை நீட்டிப் படுக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது முதுகில் இடிக்காமல் இருக்குமா? கதவுகள் உள்ளிருந்து திறக்குமா? அவருடைய புதுக் கார் மாதிரி ஒன்று பின்னால் வந்தால் இந்த வண்டி முந்திவிடுமா, அது பிடித்துவிடுமா? சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நீ வேலை செய்கிற இடத்தில் அந்த ஓட்டை வேனை ஓட்டிப் பழகியதைக் கால் மறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வீட்டில் சில வசதிகள் செய்திருக்கிறார். கேட்டுக்குப் புதுப் பூட்டு. அவர் வெளியூர் போகிற நாளில் சாவி மாடி வீட்டு சாரிடம் இருக்கும், அவசரத்துக்கு. சமையலறை ஜன்னல் ஆடிக்கொண்டிருந்தது, திருகாணி போட்டு இறுக்கிவிட்டார். காற்று கொஞ்சம் குறைவு. மற்றபடி நலம்.

உன் தங்கை


பிப்ரவரி 17

பட்டாசு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, எந்த வண்டியின் பின்பக்கத்தில் ஆள் படுக்கலாம் என்று அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் மறித்தாள்.

“இது கார் கேக்குற லெட்டர் இல்லைங்க. ஜன்னலுக்குத் திருகாணி போட்டாச்சுன்னு எழுதிட்டு, அடுத்த வரியிலேயே நலம்னு எழுதியிருக்கா. நல்லா படிங்க.”

நல்லா படித்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

இனிமேல் தெரிந்தவர், தெரியாதவர் என்று எழுதாதே. நீ ஒருத்தி, கையில் ஒரு பை. அதற்கு எதற்கு எஸ்டேட்? சிவப்புக் காரை யாருக்கும் காட்டாமல் மூலையில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது, கிளம்பிவிடுகிறேன்.

அது சரி, உன்னைவிட ஒரு சாண் உயரமான ஆள் யார்?

அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

நீ வராதே. போன வருடம் நீ வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்த மாதம் எப்படிப் போனது என்று நான் எழுதப் போவதில்லை.

நான் கிளம்பாமல் இல்லை. டிசம்பரில் ஒரு மத்தியானம், கேட்டைப் பூட்டாமல் மாடி வீட்டு சார் எங்கோ போயிருந்தார். பையை எடுத்துக்கொண்டு நடைவழியில் வந்தேன். அத்தையின் அறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அறை என்று பெயர்தான். பழைய சாமான் போட்டு வைத்திருந்த இடம். முன்னறையில் நாற்றம் வருகிறது என்று அவர் மகனே கட்டிலை அங்கே தள்ளிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். கை கால் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்தவரை நிறுத்தியாகிவிட்டது. தினமும் ஆபீசுக்குப் போகும்முன் வாசற்படியில் நின்று, “இன்னும் எத்தனை நாள்மா இப்படி?” என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அத்தை கண்ணை மூடிக்கொள்வார்.

அன்று அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனேன். அவர் தம்ளரைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், கத்துவார் என்று நினைத்தேன். இடது கையை நீட்டிப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். வாயைக் கோணி, ரொம்பக் கஷ்டப்பட்டு ஒரு சொல் சொன்னார்.

“என்னையும்.”

பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். அன்றிலிருந்து சின்னக் கார் எனக்கு உதவாது. அவரால் உட்கார முடியாது, அண்ணா. படுத்துத்தான் வர முடியும்.

உன் தங்கை


மார்ச் 12

தங்கைக்கு,

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?

அந்த அம்மா கல்யாண வீட்டிலேயே என் முகத்துக்கு நேரே, “உங்க தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். பரவாயில்ல, எம்புள்ள அடக்கிடுவான்” என்று பெருமையாகச் சொன்னவர். அவர் பெற்றது, அவர் வளர்த்தது. அவரே அனுபவிக்கட்டும். படுக்கையில் கிடக்கிற ஆளைத் தூக்கிக்கொண்டு தப்பித்துப் போக முடியுமா? வழியில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன்னைக் கொலைகாரி என்பார்கள். அப்புறம் உனக்கு எந்தக் கதவும் உள்ளிருந்து திறக்காது.

சிவப்புக் காரை இந்த மாதக் கடைசி வரை வைத்திருக்கிறேன். நீ மட்டும் வா.

அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தாங்களும் தங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் தங்கையின் மருந்துப் பையில் தாங்கள் அனுப்பிய கடித உறை ஒன்று கிடைத்தது. உறை மட்டும்தான், உள்ளே எதுவும் இல்லை. நம் வீட்டுக்கு ஒரு முகவரி இருக்கும்போது தாங்கள் மருந்துக்கடைக்கு எழுதியிருப்பது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. கேட்டேன். ஏதோ கார் விஷயம் என்றாள். வீட்டில் நல்ல கார் இருக்கும்போது அவளுக்கு இன்னொரு கார் எதற்கு என்று தங்களுக்கும் தோன்றியிருக்கும். சில காலமாக அவளுக்கு மனம் ஒருநிலையில் இல்லை. நான் அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். அவளுக்குக் கண்வலி, ஆகவே நானே படித்துக் காட்டுகிறேன். அலைச்சல் கூடாது என்பதால் மருந்துகளையும் இனி நானே வாங்கி வந்துவிடுவேன்.

தங்கள் நலம் விரும்பும்,
மைத்துனர்


ஏப்ரல் 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலம் அறிய ஆவல். மாப்பிள்ளையின் கடிதம் கிடைத்தது. உனக்குக் கண்வலி என்று அறிந்து அண்ணி கவலைப்பட்டாள். சுத்தமான தண்ணீரில் கழுவிக்கொள். மாப்பிள்ளை சொல்வதைக் கேட்டு நட.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. வேலை மும்முரம். அந்தச் சிவப்புக் காரை விற்றுவிட்டேன். உன் தெரிந்தவருக்கு இனி வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். முன்பெல்லாம் உன்னை மட்டும்தான் நினைத்துக்கொள்வோம். அது தவறு என்று அண்ணி சொன்னாள். இப்போது உன்னை நினைக்கும்போதெல்லாம் அத்தையையும் சேர்த்தே நினைக்கிறோம்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு.

அண்ணன்


மே 24

அண்ணா,

மருந்துக்கடை அக்கா ஏழு வாரமாகக் கடைப்பக்கம் என்னைக் காணாமல், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். மாடி வீட்டு சாரிடம், “பேஷண்ட்டுக்கு பிரஷர் பாக்காம இத்தனை மாத்திரை குடுக்க முடியாது சார். ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்” என்று அதட்டினாராம். சார் பயந்து திறந்துவிட்டார். இனி என் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அக்கா வருவார். கடிதத்தைப் பிரஷர் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தை அவர் அத்தையின் கட்டில் ஓரத்தில் நின்று சத்தமாகப் படித்தார், எங்கள் இருவருக்கும் சேர்த்து. ‘அத்தையையும் சேர்த்தே நினைக்கிறோம்’ என்று வந்தபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். “உங்கண்ணனுக்கு என்ன திடீர்னு எங்கம்மா மேல இவ்ளோ பாசம்?” என்றார். அத்தைக்கு ஒரு பக்க வாய்தான் சிரிக்கும். அந்தப் பக்கத்தைத் தலையணையில் மறைத்துக்கொண்டார்.

மாதம் ஒரு முறை அவருக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். எந்த நாள் என்று முந்தின நாள்தான் தெரியும். அதனால் வண்டி முன்கூட்டியே இங்கே வந்து காத்திருக்க வேண்டும். கடைக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரு ஷெட் இருக்கிறது.

போக ஓர் இடம் இருக்கிறது. அத்தைக்குத் தெரிந்த, அவர் மகனுக்குத் தெரியாத இடம். அது எங்கே என்று அவர் வாயிலிருந்து தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அத்தைக்கு இருமல் கூடிக்கொண்டே போகிறது. சீக்கிரம்.

உன் தங்கை


ஜூன் 4

பட்டாசுக்கு,

கிடைத்துவிட்டது. ஒரு பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவருடைய எஸ்டேட் கார், கருநீலம். மேளதாளத்தை எல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு, எப்போதும் நேரமாகிவிட்டது என்று பறக்கிறவர்களுடைய வண்டி. வேகம், இடம் இரண்டும் ஏன் ஒரே வண்டியில் வந்தன என்று இப்போது புரிகிறதா? விலை ஏன் குறைந்தது என்றால், பக்கவாட்டில் ஒரு நீளக் கீறல், உள்ளே சிகரெட் நாற்றம், பின்கதவு தூக்கினால் நிற்காமல் தலையில் விழும். கதவைச் சரிசெய்துவிட்டேன். நாற்றத்துக்கு அண்ணி மூன்று நாள் கழுவினாள். நான்கு கதவும், பின்கதவும் உள்ளிருந்து திறக்கும்.

பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டு, அண்ணியைப் படுக்க வைத்து, இங்கே இருக்கிற பள்ளம் மேடு எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தேன். இறங்கி வந்து, “இடுப்பு பொழைச்சிருச்சு. அவங்களுக்கும் பொழைக்கும்” என்றாள்.

டீசல் வண்டி, டர்போ. மிதித்ததும் கொஞ்சம் யோசிக்கும். யோசிக்கிறதே என்று பயந்து காலை எடுத்துவிடாதே. அடுத்த நொடி உன்னை சீட்டோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு கிளம்பும். மாப்பிள்ளையின் வண்டி தொடக்கத்தில் இதைப் பிடித்துவிடும், நீண்ட சாலையில் பிடிக்காது. வண்டி அண்ணியின் பேரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உன் தெருப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவேன்.

மார்ச்சில் எழுதியதைக் கிழித்துப் போடு. எங்கே போகிறாய் என்று மட்டும் எனக்கு எழுதாதே. அவன் முதலில் இங்கேதான் வருவான். பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும், உனக்கே தெரியும். தெரியாது என்பதை உண்மையாகவே தெரியாமல் சொன்னால்தான் எனக்கு வரும்.

அண்ணன்


ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நாங்கள் இருவரும் நலம். இந்த முறை ‘நலம்’ என்றால் நலம்தான்.

அவர் கூட்டத்துக்குக் கிளம்பிப் போன பிறகு, மாடிப்படியின் கீழே நின்று, “சார், அத்தைக்கு மூச்சு வாங்குது! ஓடி வாங்க!” என்று கத்தினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு கத்தியதால் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சார் இறங்கி வந்தார். அத்தை இப்படி நடிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கண்ணைச் செருகி, நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டு மூச்சு விட்டார். நானே ஒரு நொடி நிஜமென்று பயந்துவிட்டேன். சார் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். பேசி வைத்தபடி மருந்துக்கடை அக்கா, தெரிந்தவர் வண்டி என்று சொல்லி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். போர்வையோடு அத்தையைத் தூக்கிப் பின்னால் படுக்க வைத்ததே மாடி வீட்டு சார்தான், அண்ணா. தலைக்குத் தலையணையைக்கூடச் சரிசெய்தார். “யாரும்மா ஓட்டுறது?” என்றார். “நான்தான் சார்” என்றேன். அவர் வாயை மூடுவதற்குள் கிளம்பிவிட்டேன்.

முதல் திருப்பத்திலேயே இன்ஜின் அணைந்துவிட்டது. திரும்பக் கிளப்பி, பெரிய சாலையில் ஏறி மிதித்தேன். நீ சொன்ன மாதிரி யோசித்தது. காலை எடுக்கவில்லை.

சார் உடனே அவருக்குப் போன் செய்திருப்பார், எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்டிருப்பார். நாங்கள் போக வேண்டிய வழியும் தலைமை அலுவலகத்துக்குப் போகிற வழியும் பாதிதூரம் வரை ஒன்றுதான். உனக்கு இதை நான் எழுதவில்லை, எழுதியிருந்தால் வண்டியை அனுப்பியிருக்க மாட்டாய். பாலம் ஒன்று தாண்டியதும், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், எதிரே அவருடைய கார் வந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டு, எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிக்கொண்டு வந்தார். முகம் தெரிந்தது. எங்கள் வண்டியைப் பார்த்தார், அண்ணா. கருநீலத்தில் கீறல் விழுந்த ஏதோ ஒரு கார். பார்த்துவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மூச்சு விடுவதை நிறுத்தியிருக்க வேண்டும். பின்னாலிருந்து அத்தை, “யாரு?” என்றார். அவருக்குக் கூரை மட்டும்தான் தெரியும்.

“யாருமில்ல அத்தை.”

“அவனா?” என்றார்.

கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். அவருக்கு அது மகன், எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இடது கையால் என் சீட்டின் முதுகை ஓங்கித் தட்டினார்.

“வேகமா” என்றார்.

இங்கே எங்களுக்கு ஓர் அறை இருக்கிறது. அத்தையின் கட்டில் தெருவைப் பார்த்த ஜன்னலோரம். இருமல் குறைந்திருக்கிறது. எனக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிற இடத்தில் வேலை. வண்டியைச் சாக்குத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். தெருவில் எந்தக் கார் வேகம் குறைந்தாலும் என் கையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றுவிடுகிறது. இதுவரை இரண்டு சட்டை கருகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போகலாம் என்றுதான் இருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். இது எப்போது போகும் என்று தெரியவில்லை.

அவர் அங்கே வந்திருப்பார். உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், உன்னை என்ன செய்தார், எதுவும் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தையும் லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்து, வழியில் எங்காவது தூரமான ஊரில் போடச் சொல்லப் போகிறேன். முத்திரையில் இருக்கும் ஊரைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடாதே.

உன் உடம்பு எப்படி இருக்கிறது, அண்ணி எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்கத்தான் கை வருகிறது. கேட்டால் நீ பதில் எழுதத் தொடங்கிவிடுவாய். எழுதி முடித்து, உறைமேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாய். அதனால் கேட்கவில்லை.

பதில் எழுத வேண்டாம்.

உன் தங்கை